படத்தில் நாத்தனார் மட்டும் வெளுத்த விவகாரம்

அன்பும் மரியாதையும் குறையாத என் நாத்தனாருக்கு, உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனின் இருமலும் சுகமாகவே இருக்கிறது, போகிற எண்ணம் அதற்கு இல்லை. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் அதற்கும் அண்ணிதான் காரணம் என்று நீ தொலைபேசியில் சொல்லலாம், எப்படியும் சொல்லத்தான் போகிறாய்.

போன வியாழக்கிழமை நீ உன் அண்ணனோடு பேசியதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. நீ பேசினால் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது. "அண்ணி வேணும்னே என்னை அழிச்சிட்டா! இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிச்சா என்னை ஏன்னு கேளு!" என்றாய். போனை வைத்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முதல் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு தங்கை. எனக்கு இருப்பதும் சண்டை போட ஒரே ஒரு ஆள். நீயும் வராமல் போய்விட்டால் நான் யாரைக் குறை சொல்லிக்கொண்டு காலம் தள்ளுவது? அதனால்தான் நாலாம் வகுப்போடு நிறுத்திய கையால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ ஊருக்குக் கிளம்பிய காலையில் பேத்தி நம் மூவரையும் மாடிப்படியடியில் நிறுத்தினாள். உன் அண்ணனின் உயரத்துக்காக கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி நெட்டுக்குத்தாகப் பிடித்தாள். வலது ஓரத்தில் அவர், நடுவில் நான், இடது ஓரத்தில் நீ, புதுச் சிவப்புக் கம்பளிச் சட்டையோடு. ஒரு வாரம் கழித்து அந்தக் கலர் பிலிமைக் குளியலறையில் தானே கழுவினாள். வந்த படத்தை என் கண்ணில்கூடக் காட்டாமல் உனக்குத் தபாலில் போட்டாள். உன் போனுக்குப் பிறகுதான் அவளிடமிருந்த இன்னொரு பிரதியைப் பார்த்தேன். அதில் நாங்கள் இருவரும் உயிரோடு இருப்பது போல இருக்கிறோம், நீ மட்டும் தலை முதல் கால் வரை சுண்ணாம்பு அடித்த சுவர். சிவப்புச் சட்டை சாம்பல். ஆனால் நான் செய்ததாகச் சொல்கிறாயே, அது எந்த ஊர் நியாயம்? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்திலிருந்து உன்னைக் கத்தரித்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. "அண்ணி படத்துல அலமாரி மாதிரி நிக்கறா" என்று பதினொரு பேர் முன்னால் சொன்னாய், அந்தப் பதினொரு பேரையும் வரிசையாகச் சொல்வேன், அதில் நாலு பேர் சிரித்தார்கள், அவர்களையும் சொல்வேன். ஆனால் வெட்டியதை வெட்டினேன் என்று அன்றைக்கே உன் முகத்துக்கு நேரே சொன்னேனா இல்லையா? கத்தரிக்கோல் கையில் இருக்கிறவளுக்குப் படம் கழுவுகிற மருந்து எதற்கு?

உன் போனுக்குப் பிறகு பேத்தி அழாத குறை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக விசாரித்தாள். படம் கழுவுகிறாள் என்று பெயர், கழுவி ஊற்றியது எங்களைத்தான். முதலில் மாட்டியவர் உன் அண்ணன். மருந்து முப்பத்தெட்டு டிகிரி சூட்டில் இருக்க வேண்டுமாம், அதற்காக அவள் வாளியில் வைத்திருந்த வெந்நீரை எடுத்து இவர் முகச்சவரம் செய்துகொண்டார். நான் அப்போதே சொன்னேன், கேட்டாரா? சரி, குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று நான் நிம்மதியாக உட்காரும்போது அவளே கெடுத்தாள். "சூடு குறைஞ்சா படம் முழுக்க நிறம் மாறும் பாட்டி. எல்லாருமே கெட்டிருப்பீங்க. ஒருத்தங்க மட்டும் கெடமாட்டாங்க" என்றாள். ஒரு குடும்பத்தில் ஒருத்தர் மட்டும் கெடுவது அவளுக்கு அதிசயமாக இருக்கிறது, சின்னப் பெண்தானே. அடுத்தது நான். பிலிமையும் மருந்தையும் அடைத்த டப்பாவை நிமிஷத்துக்கு நாலு தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், எண்ணுகிற பொறுப்பு என்னுடையது. நடுவில் உன் பேச்சு வந்து எண்ணிக்கை கொஞ்சம் விட்டுப்போனது உண்மை. "அதுக்குத் திட்டுத்திட்டா வரும், இப்படிக் கோடு போட்ட மாதிரி வராது" என்று அதையும் தள்ளிவிட்டாள். பிறகு பிலிமையே ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒரு ஓரம் மட்டும் நெடுக, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை, பால் படிந்தது போல மங்கல். நீ நின்ற ஓரம்.

"இது ரெண்டாவது மருந்து பட்டிருக்காத இடம்" என்றாள். முதல் மருந்து உருவத்தை வரவழைக்குமாம், இரண்டாவது மருந்து அழுக்கையெல்லாம் கரைத்து நிறத்தை மட்டும் விட்டுவைக்குமாம். டப்பாவுக்குள் மருந்து குறைந்தால் சுருளின் மேல் ஓரம் சரியாக நனையாது. "பாட்டில் நிறைய வச்சிருந்தேனே, அப்படியே ஊத்தினேனே, எப்படிக் குறையும்?" என்று அவள் கேட்டபோதுதான் எனக்குத் தலையணை உறை ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டிலில் அவள் கையால் 'ப்ளீச்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். எழுத்துக்கூட்டி நான் படித்த வார்த்தை அது. ப்ளீச் என்றால் கறை போக்குவது, அது உலகத்துக்கே தெரியும். நீ போன பிறகு பார்த்தால் உன் தலைச்சாயம் என் வெள்ளைத் தலையணை உறையில் பெரிய கறுப்பு வட்டமாக இருந்தது. உன்னிடம் கேட்டால் நம் வீட்டுத் தலையணைதான் சாயம் போகிறது என்பாய். அதனால் நானே ஒரு டம்ளர் ஊற்றித் தேய்த்தேன். கறுப்பு போகவில்லை, அதைச் சுற்றித் துருப்பிடித்த மாதிரி இன்னொரு வட்டம் வந்தது. அந்த ஒரு டம்ளர்தான், நாத்தனாரே, அந்த ஒரு டம்ளர்தான் உன்னை வெளுத்தது.

சொல்லிவிட்டேன். பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். உன் அண்ணன் இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார், சிரிப்பில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "கெட்டது கெட்டதுதானாடி?" என்று நான் கேட்டதற்கு, "இல்ல பாட்டி, இந்த மருந்துல திரும்பப் போடலாம், ஒண்ணும் ஆகாது" என்றாள். புது மருந்து கலக்கி, டப்பா நிறைய ஊற்றி, நேற்று மறுபடி போட்டாள். வெளியே எடுத்தபோது அந்த மங்கல் ஓரம் கண்ணாடி போல இருந்தது. புதுப்படத்தில் உன் சட்டை அடுப்புத் தணல் மாதிரி சிவக்கிறது. நீயும் நன்றாகத்தான் இருக்கிறாய், அதை மறுப்பதற்கில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆகையால் என்னை மன்னித்துக்கொள். இந்த வார்த்தையை உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, பத்திரப்படுத்தி வை. அலமாரி விஷயத்தையும் இன்றோடு விட்டேன். அந்த நாலு பேரையும் விட்டேன். கறை பட்ட தலையணை உறையையும் எடுத்து எறிந்துவிட்டேன். உன் கண்ணும் காலும் நூறு வயதுவரை உன் சொல்பேச்சுக் கேட்கட்டும், உன் பிள்ளைகள் உன்னை உட்காரவைத்துச் சோறு போடட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் கோரும் அண்ணி

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. படத்தைத் தபால் உறைக்குள் போடுமுன் பூதக்கண்ணாடி வைத்து ஒருமுறை பார்த்தேன். மங்கல் போனதில் தெளிந்தது உன் முகம் மட்டும் இல்லை, என் தலைக்குப் பின்னால் இரண்டு விரல் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதும் தெளிந்திருக்கிறது. உன் அண்ணனின் கைகள் இரண்டும் வயிற்றின் மேல் இருக்கின்றன. அப்படியானால் அது யாருடைய விரல்? எழுபத்திரண்டு வயதில் அண்ணிக்குக் கொம்பு வைக்கிறவளின் சாயம் இப்போதுதான் உண்மையில் வெளுத்தது. மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அலமாரியும் அந்த நாலு பேரும் பழைய இடத்துக்கே வந்தாயிற்று. இதற்குக் கடிதத்தில் பதில் எழுதித் தப்பித்துவிடலாம் என்று பார்க்காதே, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சொல். பேத்தி புதுச் சுருள் வாங்கி வைத்திருக்கிறாள். இந்தத் தடவை நீ முன்னால் உட்கார், நான் பின்னால் நிற்கிறேன்.