இன்னும் வராத லென்ஸுக்கு ஒரு பள்ளம்

பத்தாவது வரை படித்தவள் நான். கேமராவுக்குப் பின்னால் ஒளிந்தே காலம் போய்விட்டது. நாலு பேர் முன்னால் பேச வராது. இப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும். ஆனாலும், கம்பெனிக்காரனே இன்னும் நினைத்துப் பார்க்காத கேமராவுக்கு ஜாதகம் கணிக்கும் ஒரே மனிதர் தென்காசியில் இருக்கிறார் என்பதை யாராவது சொல்லத்தானே வேண்டும்?

'அடுத்த மாடல் அண்ணாச்சி' என்றால்தான் ஊரில் தெரியும். அவர் ஸ்டூடியோவில் வேலை பார்க்க நான் குற்றாலத்திலிருந்து தினமும் பஸ் ஏறுவேன். மிரர்லெஸ் கேமரா வந்த நாளிலிருந்து, அடுத்து என்ன வரும் என்பதே அவர் நினைப்பு. கம்பெனி விலையைக் குறைத்தால், "பாத்தியா, பழசைத் தள்ளுதான். புதுசு வருது" என்பார். குறைக்காவிட்டால், "பாத்தியா, மூச்சு காட்ட மாட்டேங்கான். பெருசா என்னமோ வருது" என்பார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒருவர், அடுத்த கேமராவின் சென்சாரைப் பற்றி அண்ணாச்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போனார். எழுப்பித்தான் எடுத்தோம்.

வரப்போகும் லென்ஸின் அளவைத் தானே ஊகித்து, கேமரா பையின் ஸ்பாஞ்சில் கனகச்சிதமாகப் பள்ளமும் வெட்டி வைத்திருந்தார். லென்ஸ் வரவில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் டப்பா அதில் அழகாக உட்கார்ந்தது.

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, நான் சொந்தமாகக் கேமரா வாங்க நினைக்கும் வரை. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படமெடுக்கப் பெண்ணைத்தான் கூப்பிடுவார்கள். என்னைத் தேடி ஆள் வரத் தொடங்கியது. என்னிடம் இருந்ததோ, குற்றாலச் சாரலில் நனைந்து நனைந்து இழுத்துக்கொண்டிருந்த பழைய கேமரா.

"வாங்கிரட்டா அண்ணாச்சி?"

"ஏட்டி, கூறு இருக்கா உனக்கு? ஆடி கழியட்டும். இப்ப வாங்குனா பொறவு அழுவ."

மூன்று ஆடி கழிந்தது.

போன வருஷம் புளியங்குடியில் ஒரு கல்யாணம். நடுவில் திரை கட்டியிருந்தார்கள். ஆண்கள் பக்கம் அண்ணாச்சி, பெண்கள் பக்கம் நான். மாப்பிள்ளையின் அக்கா மணப்பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டப் போகும்போது, என் கேமரா 'சடக்' என்று நின்றுவிட்டது. இந்த ஒரு படம் தவறினால் இனி எந்த வீட்டிலும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். நல்லவேளை, கொக்கி மாட்டாமல் அக்கா திணறிக்கொண்டிருந்தார். திரையோரம் ஓடினேன்.

"அண்ணாச்சி, ஷட்டர் போச்சு!"

திரைக்கடியில் அவருடைய கேமரா வந்தது. பெண்டாட்டியைக்கூடத் தொடவிடாத கேமரா. பின்னாலேயே குரலும் வந்தது: "வெளிச்சம் பத்தாது, ஐஎஸ்ஓவைக் கூட்டு! அடுத்த மாடல்ல இந்தப் பாடே கிடையாது, கேட்டியா? அதுவா..."

"யாரும்மா அது? கல்யாண வீட்டுல கேமரா விக்க வந்திருக்காரா?" என்றார் பெண்ணின் மாமி.

மணப்பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு கருகமணி ஏறியது. எடுத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் பெண்ணின் வாப்பா பதறுவது கேட்டது: "என்ன அண்ணாச்சி, போன்ல எடுக்கீய?"

"இதான் பாய் புது மாடல்" என்றார் அண்ணாச்சி, கூசாமல்.

திரும்பும்போது பஸ்ஸில், "நாளைக்கே போயி வாங்கிரு" என்றார்.

"அடுத்தது வருதுன்னு சொன்னீயளே?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "வரட்டும். அதுக்கு முன்னால உனக்கு அடுத்த ஆர்டர் வந்துரும்லா."

மறுநாள் திருநெல்வேலியில் கேமரா வாங்கினேன். அண்ணாச்சியும் கூடவே வந்தார். அடுத்த மாடலைப் பற்றிக் கடையில் வாயே திறக்கவில்லை.