முப்பத்தொண்ணு வந்துருக்கு, தட்டு வை!

மும்பையில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது வருமான வரி ஆபீசைவிட நன்றாகத் தெரிந்தவர் பர்சன்ட் அண்ணாச்சிதான். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மெஸ் நடத்துகிறார். புதிதாகப் போனால் பெயரைக் கேட்கமாட்டார். "பகார் எவ்ளோ?" என்பார்; மும்பையில் சம்பளத்துக்கு அதுதான் பேச்சு. சம்பளத்தில் பத்து பர்சன்ட் மாதச் சாப்பாட்டுக்கு. அன்றிலிருந்து அந்தச் சம்பளம்தான், ஆயிரத்தை விட்டுவிட்டு, நம் பெயர்.

"நாப்பத்தஞ்சுக்கு மோர் ஊத்து! இருவத்தி ரெண்டு, கைய களுவிட்டு உக்காருலே!"

குறைத்துச் சொன்னால் காசு மிச்சம், மரியாதை போய்விடும். கூட்டிச் சொன்னால் மரியாதை மிச்சம், காசு போய்விடும். அதனால் எல்லாரும் உண்மையைச் சொன்னார்கள். வேலை போனவருக்குப் பெயர் சைபர். "சைபர்ல பத்து பர்சன்ட் என்னலே வரும்?" என்று அவருக்கு மட்டும் இலவசமாகப் போடுவார், அப்பளத்தோடு.

செம்பூரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. மெஸ்ஸில் நான் முப்பத்தொண்ணு. ஒருநாள் என் ஆபீஸ் பிரவீணையும் அழைத்துப் போனேன். ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே வேலை, பக்கத்து நாற்காலி என்று அண்ணாச்சியிடம் அறிமுகம் செய்தேன். அவன் சொன்ன பதில்: முப்பத்தெட்டு.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா முப்பத்தொண்ணு, என்ட்டயே கொறச்சு சொல்லிருக்கியோ? இவளுக்குப் பொரியல் வைக்காத!"

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். ஒன்று, பிரவீண் பெருமைக்காகக் கூட்டிச் சொல்கிறான். இரண்டு, என் சம்பளத்தில் எனக்குத் தெரியாமல் ஏதோ பிடிக்கிறார்கள். மூன்று, அண்ணாச்சிக்குக் காது சரியில்லை. இரண்டு பேரும் போனில் சம்பளச் சீட்டைத் திறந்து காட்டினோம். என் மூன்று ஊகமும் தவறு.

அண்ணாச்சி இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் நெசமா? ஏலே முப்பத்தெட்டு, நீ இவள விட என்னத்த கூட செய்யுத?"

பிரவீண் நேர்மையாக யோசித்தான். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. போன வாரம் என் தப்பையும் இவதான் சரி பண்ணா."

"பொறவு எதுக்கு ஏழாயிரம்?"

சைபர்கூடத் தலையைச் சொறிந்தார். பொரியல் மட்டும் வந்தது, இரண்டு கரண்டி.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். "சம்பளம் ரகசியம். உனக்கு யார் சொன்னது?" என்றார்.

"எங்க மெஸ்ல கத்துறாங்க சார்."

அவர் முகத்தில் நான் பார்த்த குழப்பம் என் குழப்பத்துக்குக் கொஞ்சம் ஆறுதல். பிறகு, பிரவீண் சேரும்போது கூடுதலாகக் கேட்டான், நீ கேட்கவில்லை என்றார். கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

அந்த வாரம் எங்கள் பிரிவுப் பெண்கள் எல்லாரும் அண்ணாச்சி மெஸ்ஸுக்கு வந்தார்கள், ஆண்களையும் இழுத்துக்கொண்டு. பசியினால் அல்ல. ஒரே வேலை செய்யும் ஒவ்வொரு ஜோடியின் சம்பளத்தையும் அண்ணாச்சி கத்தக் கத்த, சாப்பாடு ஆறிப்போனது. பிறகு எல்லாருமாக மேனேஜர் அறைக்குப் போனோம்.

அடுத்த மாதச் சம்பளத்திலேயே நானும் முப்பத்தெட்டு ஆனேன். அண்ணாச்சி அன்றைக்கே எழுநூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார். மெஸ்ஸில்தான் புதுக் குழப்பம். "முப்பத்தெட்டுக்கு ரசம்!" என்றால் இரண்டு கை நீளும். "ரெண்டு முப்பத்தெட்ட வச்சிக்கிட்டு நான் எப்படில யாவாரம் பண்ண!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். முகம் மட்டும் சிரிக்கும்.

எனக்காகச் செய்தாரா, தன் பத்து பர்சன்டுக்காகச் செய்தாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது வேறு கம்பெனி, சம்பளமும் கூடிவிட்டது. போன மாதம் போய்ச் சொன்னேன். புது ரேட்டைக் கறாராக வாங்கிக்கொண்டார். ஆனால் சமையலறைப் பக்கம் திரும்பி, "நம்ம முப்பத்தெட்டு வந்துருக்கா, தட்டு வை!" என்றார்.

நான் திருத்தவில்லை.