ஏழாம் பக்கத்தின் மேல் ஒட்டிய தாள்

செங்கல்பட்டு
12.6.2001

மதிப்பிற்குரிய ஆசிரியர் சடையப்பன் ஐயா அவர்களுக்கு,

உங்கள் அச்சகத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்த பூவாயி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியையும் உங்கள் மேலுள்ள வழக்குகளையும் அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

நம் ‘கரைக்குரல்’ பத்திரிகை மறுபடி வரப்போகிறது, எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறீர்கள், மிஷின் ஓட்டிய கேசவன் அண்ணனை மட்டும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். உங்களிடம் இருந்த ஒரு வருஷமும் நான் "சரிங்க ஐயா" தவிர எதுவும் பேசியதில்லை. அதனால் எழுதிச் சொல்கிறேன். அந்தப் பசையைக் காய்ச்சியது அவர் இல்லை. நான்.

திருவிடந்தைக் கடற்கரையை வேலி போட்டு வளைத்த விடுதிக்காரர் கோர்ட்டுக்குப் போய், அந்த வேலியைப் பற்றி நீங்கள் எழுதிய ஏழாம் பக்கத்தை யாரும் படிக்கக் கூடாதென்று தடை வாங்கினாரே, அப்போது இதழ் அச்சாகி முடிந்திருந்தது. கிழித்தால் பின்பக்க விளம்பரம் போய்விடும் என்று, தேதி தப்பாக அச்சடித்துக் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளைக் கவிழ்த்து ஒட்டச் சொன்னீர்கள். ஆயிரம் பிரதி. மைதாவில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது, ஐப்பசி மழை வேறு, மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் தாள் தலையைத் தூக்கிவிட்டது, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருத்தர் அதைக் கிளாஸ் மேலே பிடித்து, "இன்னாபா, ஆவி காட்னா தன்னால வந்துகினு கீது" என்றாராம், அப்புறம் டீ குடிக்காதவர்களும் டீ வாங்கினார்களாம். தடையை மதித்தேன் என்று காட்ட நீங்கள் கோர்ட்டில் ஒரு பிரதியைத் தூக்கிப் பிடித்தீர்கள், மேலே ஃபேன், தாள் பறந்துபோய் நீதிபதி மேஜையில் உட்கார்ந்தது. அவர் எடுத்துப் பார்த்து, "யாருக்குய்யா கல்யாணம்?" என்றாராம்.

அன்றோடு பத்திரிகை நின்றது. நீங்கள் திரும்பி வந்து, "டேய் கேசவா, பசை காச்சச் சொன்னா கஞ்சி காச்சிக்கிறியே" என்று கத்தினீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். "ஆமா நைனா, நான்தான்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர், இப்போது படாளத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். அவர் ஒட்டியது எதுவும் பிரிந்ததில்லை என்று ஊரில் பேச்சு.

அந்த அறையின் மை வாசனையும், ரயில் போனால் தாள் அடுக்கு ஆடுவதும், வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீங்கள் அதை வாரப்பலன் மாதிரி எங்களுக்கு வாசித்துவிட்டு ஆணியில் குத்துவதும் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகின்றன. பதினோரு நோட்டீஸ் இருந்தது. கேசவன் அண்ணன் இல்லாமல் பன்னிரண்டாவதை வாசித்தால் யார் சிரிப்பார்கள்? அவரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் கூடியது என் கைத்தவறு.

வீட்டில் எல்லாருக்கும், வக்கீல் ஐயாவுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
பூவாயி

பி.கு.: கைத்தவறு என்றது பொய். ஒட்டும் முன் ஏழாம் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். வேலிக்குள் போனது எங்கள் மாமா வலை காயவைக்கிற இடம். தெரிந்துதான் இரண்டு சொம்பு அதிகம் ஊற்றினேன். கேசவன் அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னொரு சொம்பு ஊத்து புள்ள" என்றார். இந்த வரிகளை மறைத்து ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அதே பசைதான் ஐயா.