என் மனைவியின் ரகசிய ஓட்டு

பேட்டைத் தலைவர் தேர்தலில் நின்றே தீருவது என்று முடிவெடுத்தேன். வீட்டில்தான் எனக்கு அதிகாரம் இல்லை, தெருவிலாவது இருக்கட்டுமே!

தைவானின் தைனான் நகரில் எங்கள் பேட்டை சின்னது. எதிராளி நூடுல்ஸ் கடை ஸு. கிண்ணத்தில் ஒரு முட்டை கூடுதலாகப் போட்டே பாதிப் பேரை மடக்கிவிட்டார். ஒரே ஓட்டில்கூட நான் கவிழ்ந்துவிடலாம். மனைவி ஹுய்-சுவானிடம் போனேன்.

"உன் ஓட்டு எனக்குத்தானே?"

"ரகசிய ஓட்டுங்க. சொல்லக் கூடாது."

"புருஷன்கிட்டகூடவா?"

"முக்கியமா புருஷன்கிட்ட. ஆள வர்றவன் ஓட்டுப் போடறவங்களுக்குப் பயப்படணும், அதான் மக்களாட்சின்னு நேத்துக் கோயில் வாசல்ல மைக்குல கத்தினது யாரு?"

நான்தான். வாக்குக் கேட்கப் போனவன் வாக்குவாதத்தில் தோற்றுத் திரும்பினேன்.

அதோடு தூக்கம் போயிற்று. பாத்திரம் கழுவினேன். குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தால் மூட்டையோடு முதல் ஆளாக ஓடினேன். அவளுக்குக் கால் பிடித்துவிட்டேன். பால்மீன் கஞ்சிகூடக் காய்ச்சினேன்.

"கஞ்சி எப்படி?"

"உப்பு கம்மி. ஸு கடை சூப்புல எல்லாம் அளவா இருக்கும்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "அப்போ அவனுக்கா போடப் போறே?"

"நான் சூப்பைச் சொன்னேங்க."

யாரும் சொல்லாமலே போய்க் குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன்.

தேர்தலன்று விடிந்ததும், "ஓட்டுப் போட்டுட்டு வந்துடறேன்" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்த முகத்தில் ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

மாலையில் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி எண்ணினார்கள். "ஸு!" என்று கூவும்போதெல்லாம், இது அவளுடையதோ, இது அவளுடையதோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் மயிரிழையில் ஜெயித்தேன்!

வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையில் வான்கோழிச் சோற்றுப் பொட்டலம்.

"உன் புண்ணியத்துல ஜெயிச்சுட்டேன்! இப்பவாவது சொல்லு, எனக்குத்தானே போட்டே?"

"உங்களுக்கா? எப்படிங்க?"

"அடிப்பாவி! ஸுவுக்கா?"

"அவருக்கும் இல்ல. என் பேரு இன்னும் சியாயி ஊர்ல எங்கம்மா வீட்டுப் பதிவுலதான் இருக்கு; பதிவு இருக்கிற ஊர்லதானே ஓட்டு? ரயிலேறிப் போய் அங்கதான் போட்டுட்டு, அந்த ஊர் வான்கோழிச் சோறும் வாங்கிட்டு வர்றேன். இந்த ஊர்ல எனக்கு ஓட்டே கிடையாதே!"