நடுவுல வெளுப்பு, ஓரத்துல பச்சை

ஏலக்காய் உருண்டையா இருக்கு. சாக்குல ஒட்டுற லேபிள்ல மட்டும் அது தட்டையா இருக்கு. இந்த மாபெரும் அநீதி போடியில எத்தனை வருசமா நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. கண்டுபிடிச்சவரு, லேபிள் ஒப்புதல் அலுவலகத்துக்குப் புதுசா வந்த அன்புச்செல்வன் சார். வந்த மூணாம் நாளே சுற்றறிக்கை விட்டாரு.

‘லேபிளில் உள்ள காய்ப் படம் உருண்டைத் தன்மை குன்றிக் காணப்படுவதால், அனைத்து உருவங்களுக்கும் நடுவிலிருந்து ஓரம் நோக்கிய வட்ட வண்ணச் சாயல் ஏற்றப்பட வேண்டும். தவறினால் ஏலத்தில் அனுமதி இல்லை.’

புரியாதவங்க எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பவித்ராவோட ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடுனாங்க. முன்னால ஓடுனது அன்னக்கொடி அக்கா. போடிமெட்டுக்கு மேல ரெண்டு ஏக்கர். இந்த வருசம் காய் கிளிப்பச்சை. வெயிலும் வெளிச்சமும் பட்டா அந்தப் பச்சை போயிரும், பச்சை போனா மூணாந்தரம். அதனால கறுப்புத் தாளுக்குள்ள கட்டி, புள்ளையப் பொத்துற மாதிரி பொத்தி வச்சிருந்தாங்க.

“தாயி, வெள்ளிக்கிழமை எனக்கு ஏலம். வெரசா லேபிளக் கொண்டா.”

“முடிஞ்சது சின்னம்மா. ஒரே பட்டன். படத்துல நானூறு உருவம் இருந்தாலும் கம்ப்யூட்டரே தேடிப் பிடிச்சுச் சாயல் போட்டுரும்.”

“என்னடி இது, காய் நடுவுல பல்பு எரியுது?”

“நடுவுல வெளுப்பு, ஓரத்துல கரும்பச்சை. அதுதான் உருண்டை.”

“கீழ இருக்கிற ஊர்ப் படத்துலயும் எரியுதே?”

“எல்லா உருவத்துக்கும்னுதான சொல்லியிருக்காங்க. அது பாரபட்சம் பாக்காது.”

பாக்கலதான். லேபிளுக்கு அடியில இருந்த வட்டார வரைபடத்துல போடி நடுவுல ஜொலிச்சுச்சு, தேவாரம் ஓரத்துல இருட்டுல கெடந்துச்சு. தேவாரத்துக்காரங்க மனுக் கொடுத்தாங்க. “யானை எறங்குற ஊரு. லேபிள்லயும் இருட்டா?” பதில் வந்துச்சு. ‘மேற்படி ஊர் ஓரத்தில் அமைந்துள்ளதால் இருட்டு முறையானதே. வெளிச்சம் தேவைப்படுவோர் நடுவுக்கு இடம்பெயர்ந்து, தக்க சான்றுடன் விண்ணப்பிக்கலாம்.’

வியாழக்கிழமை அக்கா ரெண்டு மூட்டையோட அலுவலகத்துக்குப் போனாங்க. சார் ஒரு கை காயை வெள்ளைத் தட்டுல கொட்டி, லேபிளப் பக்கத்துல வச்சு, கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்தாரு.

“காய் பச்சையா இருக்கே.”

“ஆமாங்க சார், முதல் தரம்.”

“முழுக்கப் பச்சையா இருக்கு. நடுவுல வெளுப்பு எங்கம்மா?”

“அது படத்துலங்க சார்.”

“அப்ப படம் பொய்யா?”

“அய்யோ, அப்பிடிச் சொல்லலங்க சார்.”

“படத்துக்கு ஒப்புதல் கொடுத்தது நான். சீல் இருக்கு. உங்க காய்க்குச் சீல் இருக்கா?”

“இல்லைங்க சார்.”

“ரெண்டுல ஒண்ணு தப்பு. எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அக்கா தட்டப் பாத்தாங்க. “காய்ங்களா சார்?”

“நல்லது. அதையே எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.”

மாதிரித் தட்டு சன்னலோரம் ஏறுச்சு. மூட்டைகளையும் பிரிச்சு, முற்றத்துல பரப்பி வைக்க உத்தரவு. ஆய்வு நிலுவையில இருக்காம்.

அக்கா திரும்ப ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடுனாங்க. “அந்தப் பட்டன மாத்தித் தட்டுனா பழைய படம் வந்துராதாடி?”

“வரும் சின்னம்மா. ஆனா சுற்றறிக்கையில தட்டச் சொல்லித்தான் இருக்கு, மாத்தித் தட்டச் சொல்லி இல்லையே.”

வெள்ளிக்கிழமை ஏலம் கைவிட்டுப் போச்சு. அக்கா தினமும் வந்து, வெயில்ல கெடக்குற காயைப் பாத்துட்டுப் போனாங்க. எட்டாம் நாள் சார் தட்ட எடுத்தாரு. வெயில் பட்ட மேல்பக்கம் நடுவுல வெளுத்துக் கெடக்கு, ஓரத்துல மட்டும் கொஞ்சம் பச்சை.

“பாத்தீங்களா. உங்க காய்க்குத் திருந்த ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், திருந்திருச்சு.”

சீல் குத்துனாரு. அடுத்த ஏலத்துல மானம் போகப் போகுதுன்னு அக்கா முந்தானைய வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மாதிரித் தட்டு சுத்தி வந்துச்சு. வியாபாரி பேச்சிமுத்து காயை அள்ளிப் பாத்தாரு. லேபிளப் பாத்தாரு. மறுபடி காயைப் பாத்தாரு.

“இந்தா, இதுதான்யா காய். வடக்க இருந்து போன் மேல போன். படத்துல ஒண்ணு இருக்கு, பாக்கெட்டுக்குள்ள வேற இருக்குன்னு லோடு லோடா திருப்பிவிடுறாங்க. எனக்கு வெளுத்ததுதான் வேணும்.”

வெளுத்த காய் முதல் தரமாயிருச்சு. பொத்திப் பொத்திப் பச்சையக் காப்பாத்துன ராசிங்காபுரம் மொக்கச்சாமிக்கு மூணாந்தரம். மறுநாள் போடியில ஒரு மொட்டை மாடி பாக்கியில்ல, எல்லாம் ஏலக்காய். துணி காயப்போட இடமில்லாம சனங்க ஈரச் சேலையோட அலைஞ்சாங்க. கல்யாணப் பத்திரிகைக்காரங்க கூட, மாப்ள மூக்குல வெளுப்பு வைக்கச் சொல்லி பவித்ராகிட்ட நின்னாங்க.

அன்னக்கொடி அக்காவும் அடுத்த பறிப்ப மாடியில பக்குவமா வெளுக்கவச்சு, மூட்டை கட்டி முடிச்சாங்க. அன்னைக்குன்னு பவித்ரா போன் பண்ணுச்சு.

“சின்னம்மா, அலுவலகத்துல புது சுற்றறிக்கை. உருண்டை பழைய பேஷனாம். இப்ப எல்லாம் தட்டைதானாம்.”

அக்கா போனை வச்சாங்க. மூட்டையத் தார்ரோட்டுல அவுத்துப் பரப்பிட்டு, ஜீப்பு ஓட்டுற சின்ராசுவக் கூப்பிட்டாங்க.

“அண்ணே, காய் மேல சக்கரத்த மெதுவா ஏத்துங்க. ஓரம் பிஞ்சிரக் கூடாது, சார் ஓரத்தத்தான் பாப்பாரு.”

ரோட்டோரத்துல நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு, ஆளுக்கொரு மூட்டையோட ஜீப்புக்குப் பின்னால வரிசை போட்டாங்க. எனக்குப் பதினாலாவது எடம்.