ஹெல்மெட் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனவன்

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரி கிளீனராகவும் லாட்ஜ் பையனாகவும் ஆறு மாநிலம் சுற்றியிருக்கிறேன். பட்டினி கிடந்திருக்கிறேன், போலீஸிடம் உதையும் வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் பயப்படாதவன், இருபத்து மூன்று வயதில் தொடையிடுக்கில் வந்த ஓர் அரிப்புக்குப் பயந்துபோனேன்.

கோவா லாட்ஜில் இருந்தபோது ஒருத்தியோடு பழக்கம். ஆணுறையெல்லாம் மற்றவர்களுக்கு என்று நினைத்த காலம். நொச்சிக்குப்பம் திரும்பி, மீனுக்கு ஐஸ் பெட்டி தூக்கும் வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம் அரிப்பு தொடங்கியது. செல்போனில் தேடினேன். (தேடவே கூடாது.) முதல் பக்கத்தில் எனக்கு மூன்று நோய். இரண்டாம் பக்கத்தில் செத்தே போயிருந்தேன்.

மயிலாப்பூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் இளைஞர்களுக்கான பாலியல் நல ஆலோசனை அறை இருந்தது. பெயர் சொல்லத் தேவையில்லை என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். பெயர் சரி, முகத்தை எங்கே வைப்பது? அதன் வாசலில் மீன் விற்பது எங்கள் குப்பத்துப் பெண்கள்.

நான்கு நாள் தயாரானேன். "என் ஃபிரண்டுக்கு சார்..." என்று கரையில் நின்ற படகிடம் சொல்லிப் பார்த்தேன். படகே நம்பவில்லை. ஐந்தாம் நாள் நண்பன் குமரேசனின் ஹெல்மெட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் கேட்டார்: "இன்னா நைனா, நம்ம டிரைவர் மேல நம்பிக்கை இல்லியா?"

ஆலோசகர் அக்கா, "முதல்ல அதைக் கழட்டுங்க தம்பி, பேசறது ஒண்ணும் கேக்கல" என்றார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மத்தியானமாகும் என்றார்கள். அதுவரை, அம்மாவிடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்றே யோசித்தேன்.

ரத்தத்தில் ஒன்றுமில்லை. "ஈரப் பேன்ட்டோட நாள் பூரா நிக்கிறீங்களா? இது படை" என்ற டாக்டர், களிம்பும் ஆணுறையும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொன்னார். யாரும் திட்டவில்லை.

ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக் குப்பத்துக்கு வந்தால் ஒரே கூட்டம். நடுவில் குமரேசன் அழாத குறையாக நின்றான். வருகிற ஞாயிறு அவனுக்கும் ரேவதிக்கும் நிச்சயதார்த்தம். எதிரே ரேவதியின் அம்மா.

"அந்த ரூமுல உனக்கு இன்னாடா வேலை? ஆஸ்பத்திரி வாசல்ல மீன் வித்துக்கினு என் கண்ணால பாத்தேன். ஹெல்மெட்டுல பேரு கீதே!"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மஞ்சள் பெயின்ட்டில் 'குமரேசன் ரேவதி', நடுவில் ஒரு இதயம்.

"பாபுதான் வாங்கினு போனான் அத்தை!" என்று குமரேசன் என் பெயரைச் சொன்னான்.

"அவனுக்கு வண்டியே கெடையாது. அவனுக்கு எதுக்குடா ஹெல்மெட்?"

நழுவியிருக்கலாம். குமரேசனின் முகம் விடவில்லை. "அது நான்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"கூட்டாளிக்காகப் பொய் சொல்றியா? மாட்டிக்கினு நட, பாக்கலாம்."

மாட்டிக்கொண்டேன். படையோடு காலை அகட்டித்தான் நடக்க முடிந்தது. பத்தடி போயிருப்பேன்.

"அய்ய, இவன்தான்! இதே நண்டு நடைதான்!"

நிச்சயதார்த்தம் நடந்தது. இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். குப்பத்தில் எந்த வாலிபனாவது பேயறைந்த மாதிரி நின்றால், ரேவதியின் அம்மாவே என்னிடம் தள்ளிக்கொண்டு வருகிறார்.

"இவனையும் அந்த ரூமுக்கு இட்டுக்கினு போ பாபு. ஹெல்மெட் வோணாம். நடையை மட்டும் மாத்திக்கச் சொல்லு."