ஒரு வேலையை விடச் சொல்லப் போன பெரியப்பா

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அதன் கதை தனி. அங்கு நீயும் வீட்டாரும் சுகமாகவும், முக்கியமாக நீ கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டும் இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். பதில் எழுதத் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள். நீ ஒப்படைத்த காரியம் முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்பதைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பல் டாக்டருக்குப் படிக்க வெச்ச பொண்ணு ஸ்டூடியோவுல நாய் மாதிரி குரைச்சுக்கிட்டிருக்கா. ஞாயித்துக்கிழமை ஆனா நீச்சல் சொல்லித் தர்றேன்னு தண்ணியில கிடக்கா. உங்க வீட்டு மாடியிலதானே இருக்கா? பெரியப்பாங்கற முறையில கூப்பிட்டு வெச்சு, ஏதாவது ஒண்ணுல உருப்படச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அவ போனை எடுக்க மாட்டேன்." இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று நீ நினைத்ததில் தப்பில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்த மேசையிலேயே ஓய்வு பெற்றவன் நான். நடுவில் மேசையை மாற்றினார்கள், என்னை மாற்றவில்லை.

வீட்டில் வைத்தே பேசியிருக்கலாமே என்பாய். அவள் வீட்டில் நின்றால்தானே? காலையில் வெள்ளைக் கோட்டுடன் ஒருத்தி இறங்கிப் போவாள். சாயங்காலம் கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு, தொண்டையைப் பாதுகாக்க வாயே திறக்காமல் இன்னொருத்தி போவாள். ஞாயிறு விடிந்ததும் கழுத்தில் விசிலும் தோளில் துண்டுமாக மூன்றாவது ஆள். சாப்பாட்டு மேசையில் வசனத் தாள்களுக்கு நடுவே அவள் ஒரு பல் செட்டை வைத்திருந்தாள், நோயாளிகளுக்கு விளக்கிக் காட்டுகிற மாதிரி பல். உன் அண்ணி அது என்னுடையது என்று எண்ணி டம்ளர் தண்ணீரில் போட்டு என் கட்டிலருகே வைத்துவிட்டாள். எனக்கு இன்னும் சொந்தப் பல்தான் என்பது இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் அவளுக்கு நிச்சயமில்லை.

சரி, வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பேசிவிடுவோம் என்று முதலில் கிளினிக்குக்குப் போனேன். சும்மா போக முடியாதே, கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கிறது என்று பெயர் கொடுத்தேன். உண்மையிலேயே அது வலித்துக்கொண்டுதான் இருந்தது; பயத்தில் வீட்டில் சொல்லவில்லை. உள்ளே போனால் பாதி முகம் முகக்கவசத்தில் மறைய நிற்கிறாள், நிதானமாக, அவசரமே இல்லாமல். நம் வீட்டுப் படியில் மும்மூன்றாகத் தாவி இறங்கும் பெண்ணா இவள் என்று எனக்கே சந்தேகம்.

"உக்காருங்க பெரியப்பா. எத்தனை நாளா வலிக்குது?"

"வலி கிடக்கட்டும்மா. உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"தாராளமா பேசலாம். முதல்ல ஆ காட்டுங்க."

காட்டினேன். அதோடு என் பேச்சு முடிந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தும் ஒரு வார்த்தை சொல்ல முடியாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். "எப்போ பிடுங்கப் போறே?" என்று நான் ஜாடையில் கேட்டபோது, தட்டில் கிடந்த பல்லைக் காட்டினாள். பிடுங்கினதே சத்தியமாக எனக்குத் தெரியவில்லை தம்பி! மரத்துப்போன உதட்டோடு, "வேலை… ஒரு வேலையை…" என்று ஆரம்பித்தேன். அது "வேய, வேய" என்று வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து, "வெயிலா இருக்கா சார்? ஃபேன் போடவா?" என்றாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த வாரம் ஸ்டூடியோ. குரல் கொடுக்கிற அறைக்குக் கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், அவர் பின்னால் ஒரு ஸ்டூலில் நான்; நடுக்கதவு லேசாகத் திறந்திருந்தது. திரையில் மொட்டைவால் என்றொரு பொம்மை நாய்க்குட்டி மழையில் வழி தவறி நிற்கிறது. நம் பெண் ஒலிவாங்கியின் முன்னால் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். நீ சொன்ன மாதிரி குரைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரைக்கவில்லை, முனகினாள். வீட்டுக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாத ஒரு குட்டியின் முனகல். ஒலிப்பதிவாளர், வாட்டசாட்டமான மனிதர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். சரி, இவளிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டுக் கிளம்புவோம் என்று நான் எழுந்தேன். முழங்கால் 'மடக்' என்றது. அவ்வளவுதான்.

"யார் சார் அது? நாய்க்குட்டி அழுதுட்டிருக்கும்போது எலும்பை உடைக்கிறது?" என்று உள்ளே அவளோடு இருந்த இயக்குநர் கத்த, என்னை மரியாதையாக வெளியே உட்கார வைத்தார்கள். அந்த அழுகையை அவள் முதலிலிருந்து மறுபடி அழுதாள். இரண்டாவது தடவையும் ஒலிப்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றியதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மிச்சமிருந்தது நீச்சல் குளம். அங்கே பயிற்சி நேரத்தில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி இல்லையாம். கற்றுக்கொள்ள வந்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். "அப்போ சேர்ந்துட வேண்டியதுதானே, முட்டிக்கும் நல்லது," என்று உன் அண்ணி எனக்கு ஓர் அரைக்கால் சட்டை வாங்கிக் கொடுத்தாள். அது பெரியவர்களுக்கான வகுப்பு. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், ஒரு லாரி ஓட்டுநர், கல்லூரி முதல்வரான ஓர் அம்மா, தையற்கடைக்காரர், எல்லோரும் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வவ்வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்த் தொங்கினேன். மார்பளவு தண்ணீர்தான். ஆனாலும் உயிர் உயிர்தானே? உன் மகள் மீன்குஞ்சு மாதிரி என் பக்கத்தில் வந்தாள். இதுதான் சமயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினேன்.

"ஏம்மா, நான் சொல்றதைக் கேளு. விட்டுடு."

"நான் எதையும் பிடிக்கலையே. நீங்கதான் பிடிச்சிருக்கீங்க. நீங்க விடுங்க."

"அதில்லம்மா, நான் சொல்றது வேற…"

"அதேதான் பெரியப்பா. விடுங்க. நான் இருக்கேன்ல? விடுங்க!"

விட்டுவிட்டேன். கம்பியைத்தான். என் வாழ்நாளில் கையில் பிடித்த எதையும் நானாக விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். தலைக்கு அடியில் அவள் கை இருந்தது. பிறகு பார்த்தால் அந்தக் கையும் இல்லை. மேலே வானம், காதில் தண்ணீர், நான் மிதக்கிறேன் தம்பி! நீதிபதி கைதட்டினார், கைதட்டுவதற்காகக் கம்பியை விட்டதால் உடனே மூழ்கினார், அவரையும் அவளே இழுத்து நிறுத்தினாள். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து, குளத்துக்கு ஏன் போனேன் என்பதையே மறந்து, எப்படி மிதந்தேன் என்பதை மட்டும் உன் அண்ணியிடம் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் கிளினிக்கில் நாற்காலியைப் பிடித்திருந்த ஒருவரிடம், "பயப்படாதீங்க, கையை விட்டா தானா மிதப்பீங்க," என்று சொல்லியிருக்கிறாள். மனிதர் பாதிச் சிகிச்சையில் எழுந்து போய்விட்டார். அவள் மாடிப்படியில் ஒரு காலில் செருப்போடு உட்கார்ந்தபடி தூங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் போன மாதம் வந்தது பெரிய அடி. குளத்தில் கத்திக் கத்தி, அதோடு ஜலதோஷமும் சேர்ந்து, குரல் சுத்தமாகப் போய்விட்டது. மொட்டைவாலின் கடைசிப் பகுதி ஒலிப்பதிவு அந்த வாரம்தான். ஸ்டூடியோவில் பார்த்தார்கள், வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நம் பெண் வீட்டுக்கு வந்து சமையலறையில் துணி துவைக்கிற இயந்திரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், அதற்குக்கூடச் சத்தம் வரவில்லை. உன் அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், நீ கொடுத்த காரியத்தை முடிக்க இதைவிட நல்ல நேரம் வராது. பேச வேண்டியது மனப்பாடமாக இருந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன் (முழங்கால் மறுபடி 'மடக்'), "இதுக்குத்தாம்மா சொல்றேன்…" என்றேன்.

அவள் காற்று மாதிரி ஒரு குரலில் சொன்னாள்: "எனக்குத் தெரியும் பெரியப்பா, அப்பா உங்களை எதுக்கு அனுப்பினாருன்னு. மூணும் பிடிச்சிருக்குங்கறது ஒண்ணு. இன்னொண்ணு என்னன்னா, ஒரே இடம் மட்டும் இருந்து அங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா, நான் மொத்தமாவே வேண்டாதவளாயிடுவேன். இப்போ பாருங்க, இன்னைக்கு நாயா இருக்க முடியல. நாளைக்குக் காலையில ஒருத்தருக்குப் பல் வலி தீரணும். அங்க நான் வேணும்."

நான் எழுந்து போய் அவளுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் பேசாத பல் டாக்டராகப் போனாள். நோயாளிகளும் பதில் வராதென்று கேள்வியே கேட்காமல் சமர்த்தாக ஆ காட்டினார்களாம். ஞாயிற்றுக்கிழமை குளத்தில் வெறும் கையசைவிலேயே பாடம். அவள் குரல் இல்லாததால் நாங்கள் எல்லோரும் முதன்முறையாக எங்கள் அரட்டையை நிறுத்திவிட்டு அவளைக் கவனித்துப் பார்த்தோம். நீதிபதி அந்தக் கரைக்கே நீந்திப் போய்விட்டார். பத்து நாள் கழித்து ஸ்டூடியோவிலிருந்து இயக்குநரே போன் செய்தார். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் குரைக்குது. ஆனா அழும்போது மனுஷியா ஆயிடுது. நீ வந்து அழுதுட்டுப் போம்மா," என்றார். போய் அழுதுவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஆகையால் தம்பி, நீ அனுப்பிய காரியத்தில் உன் அண்ணன் தோற்றுவிட்டான். நம் குடும்பத்தில் ஒரு வேலையையே முனகிக்கொண்டு பார்த்தவர்கள்தான் உண்டு. மூன்று வேலையை மூன்று மனிதர்களாக, மூன்றிலும் முழு மனதோடு பார்க்கிற ஒருத்தியை நீ பெற்றிருக்கிறாய். அதற்காக நீ பெருமைப்பட்டால் போதும். வகுப்பு முடிந்து வந்ததும் ஒவ்வொரு ஞாயிறும் மாடிப்படியில் நின்று உனக்கு போன் போடுகிறாள். மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்திருந்துவிட்டுக் கீழே வந்து, "அப்பா ஏதாவது வேலையா இருப்பார்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள். இந்த ஞாயிறு எடுத்துவிடு. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பல் வலிக்கிறது என்று சொல், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

உனக்கு என் ஆசிகள். உன் வீட்டம்மாவுக்கு உன் அண்ணியின் அன்பும் விசாரிப்புகளும். மாத்திரைகளை வேளை தவறாமல் போடவும்.

இப்படிக்கு,
இப்போது மல்லாந்து மிதக்கத் தெரிந்த,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை உன் மகளிடமே கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரி பெரியப்பா, ஆனா மூணு இல்ல, நாலு," என்கிறாள். நீ வாராவாரம் பேனாவும் கையுமாக மல்லுக்கட்டுகிறாயே, அந்தப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிர், அதைப் புனைபெயரில் தயாரிப்பது அவளும் அவள் அம்மாவும்தானாம். நீ மதியம் தூங்குகிற நேரத்தில் அம்மாவும் மகளும் போனில் உட்கார்ந்து கட்டம் கட்டுகிறார்களாம், ரொம்ப நாளாக. ஆகவே மேலே மூன்று என்று வருகிற இடத்திலெல்லாம் நான்கு என்று படித்துக்கொள். உன் வீட்டம்மாவுக்கும் ஒரு வேலை கூட்டிக்கொள். போன மாதம் அந்தப் புதிரைப் பாராட்டி நீ ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தைப் பத்திரிகைக்காரர்கள் இவர்களுக்கே அனுப்பிவைத்திருக்கிறார்கள். "வேறு எதிலும் கவனம் சிதறாமல் வாழ்நாள் முழுவதும் இந்த ஒன்றையே செய்கிற ஒருவரால்தான் இப்படி அமைக்க முடியும்" என்று எழுதியிருக்கிறாயாமே. அம்மாவும் மகளும் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.